வைட் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் படம் ஏன் ஷார்ப்பாக வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

24 மி.மீ. எஃப்/1.4 மாதிரி ஒரு லென்ஸை ஆசையாக வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள் இவை. மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தூரம்; அது குறைந்தால் பரந்த காட்சி விழும், அதுதான் வைட் லென்ஸ். எஃப்/ என்பது அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எண் சின்னதானால் திறப்பு பெரிது. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஃபுல் ஃபிரேம் கேமரா (36 x 24 மி.மீ. சென்சார்), 24 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20, 28, 35 வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், விஷயம் மாறாது.

வைட் லென்ஸில் எல்லாமே ஃபோகஸில் இருக்கும் என்றார்களே, எனக்கு ஏன் அப்படி வரவில்லை?

அப்படிச் சொன்னவர்கள் எஃப்/8-ல் எடுத்திருப்பார்கள். எஃப்/1.4-ல் கதை வேறு. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை ஃபோகஸ் செய்தால், சுமார் 1.75 மீட்டரிலிருந்து 2.34 மீட்டர் வரைதான் தெளிவு. மொத்தம் 60 செ.மீ. கூட இல்லை. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் அது 14 செ.மீ. ஆகிவிடும். அரை மீட்டரில் மூன்றரை செ.மீ.தான், மூக்கு தெளிவாக இருக்கும், காது போய்விடும்.

85 மி.மீ. போர்ட்ரெய்ட் லென்ஸில் பின்னணி கரைந்துபோவது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அதனால் ஃபோகஸ் விஷயத்தில் நாமே கவனமாக இருப்போம். வைட் லென்ஸில் பின்னணி அவ்வளவு கரையாது. திரையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கும்போதுதான் முகம் சற்றே மங்கி, பின்னால் இருக்கும் தூண் கூர்மையாக நிற்பது தெரியும். லென்ஸ் மேல் பழி விழுவது அப்போதுதான். பெரும்பாலும் லென்ஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். தெளிவான பகுதி வேண்டிய இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான்.

இந்த 60 செ.மீ. கணக்கையாவது நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். ஃபிலிம் காலத்தில், ஒரு சாதாரண அளவு பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்த்தால் எது தெளிவாகத் தோன்றும் என்பதை வைத்து வந்த அளவுகோல் அது. சென்சார் மேல் 0.03 மி.மீ. வரையுள்ள மங்கல் புள்ளியைக் கண் மன்னித்துவிடும் என்பது அதன் அடிப்படை. இன்றைய 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 0.0044 மி.மீ.தான். 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு அந்த மன்னிப்பெல்லாம் கிடையாது. அவர் அந்த 60-ஐ 30 என்று எடுத்துக்கொள்வது நல்லது.

போனில் எடுத்தால் எல்லாமே தெளிவாக இருக்கிறது. போன் லென்ஸிலும் எஃப்/1.8 என்றுதானே போட்டிருக்கிறது?

போன் சென்சார் மிகச் சிறியது, லென்ஸின் உண்மையான குவியத் தூரமும் சில மி.மீ. மட்டுமே. ஃபோகஸ் ஆழத்தை (முன்பின்னாக எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்பதை) மட்டும் பார்த்தால், பெரிய சென்சார் வைத்த போனின் எஃப்/1.8 கூட ஃபுல் ஃபிரேமில் எஃப்/6 பக்கம் வரும். கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமை விடச் சிறிய சென்சார்) கேமராவில் 16 மி.மீ. எஃப்/1.4 போடுகிறவருக்கும் இதே லாபம் கொஞ்சம் உண்டு: 24 மி.மீ. எஃப்/2.1 போட்ட மாதிரி ஆழம் கிடைக்கும்.

படம் மங்கலாக வந்தால், காரணம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை 100 சதவீதத்தில் திறந்து, முகத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் பாருங்கள். எங்கேயாவது, தரை ஓடு, பின்னால் இருக்கும் நாற்காலி, பக்கத்தில் நிற்பவரின் சட்டைப் பொத்தான் என்று ஏதோ ஒன்று கூர்மையாக இருந்தால் அது பெரும்பாலும் ஃபோகஸ் பிரச்சினை. லென்ஸை மறந்துவிடுங்கள். எங்குமே கூர்மை இல்லை, விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் சின்னக் கோடாக இழுபட்டிருக்கின்றன என்றால் கை ஆடியிருக்கிறது. சுவரும் தூணும் தெளிவு, ஆள் மட்டும் மங்கல் என்றால் ஃபோகஸ் பின்னால் போயிருக்கலாம், அல்லது ஆள் அசைந்திருக்கலாம். ஆள் நின்ற அதே தூரத்தில் இருக்கும் அசையாத பொருளைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

நடுவில் நன்றாக இருந்து நான்கு மூலையும் ஒரே அளவுக்குச் சொதப்பினால் அது லென்ஸ் வடிவமைப்பின் குணம். ஒரே ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மோசம் என்றால் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு லென்ஸில் கோளாறு இருக்கலாம். எல்லாமே புகை படிந்த மாதிரி, கறுப்பு சாம்பலாகி இருந்தால் முதலில் லென்ஸின் முன் கண்ணாடியைத் துடையுங்கள்.

நடு ஃபோகஸ் பாயிண்டில் ஃபோகஸ் செய்து, கேமராவைத் திருப்பி எடுக்கிறேன். அது தப்பா?

கேமராவை எவ்வளவு திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தெளிவான பகுதி என்பது சென்சாருக்கு இணையாக நிற்கும் ஒரு தட்டையான தளம். கேமராவைச் சுற்றிய வட்டம் அல்ல. கேமராவைத் திருப்பும்போது அந்தத் தளமும் கூடவே திரும்புகிறது. திருப்பிய பிறகு ஆள் அந்தத் தளத்துக்கு முன்னால் வந்துவிடுவார்.

இரண்டு மீட்டரில் நிற்பவரை மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கிறீர்கள் என்றால் திருப்பும் கோணம் 14 டிகிரிதான். பிசகு ஆறு செ.மீ. பெரிதாகத் தெரியாது. கேமராவை நெட்டையாகப் பிடித்து, முகத்தை மேல் ஓரத்துக்குக் கொண்டுபோக 30 டிகிரி திருப்பினால்? ஆள் இப்போது தளக் கணக்கில் (கேமரா பார்க்கும் திசையில் நேராக அளந்தால்) 1.73 மீட்டரில் இருக்கிறார். தெளிவு தொடங்குவதே 1.75-ல். முகம் போச்சு. ஓரத்தில் முகம் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோகஸ் பாயிண்டையே அங்கே நகர்த்திவிடுங்கள். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் பாயிண்ட் ஏறக்குறைய மூலை வரை போகும். டி.எஸ்.எல்.ஆரில் (அந்தக் கண்ணாடி உள்ள வகையில்) பாயிண்ட்கள் நடுவிலேயே கூட்டமாக இருக்கும் என்பதால் அதை வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நடு பாயிண்டைத் தவிர வேறு வழியில்லை என்றால் எஃப்/2.8-க்கு வந்துவிடுங்கள்.

குரூப் போட்டோவில் இரண்டு ஓரத்தில் நிற்பவர்கள் மட்டும் மங்குகிறார்கள். பிறை வடிவில் நிறுத்திப் பார்த்தும் சரியாகவில்லையே?

பிறை வடிவில் நிறுத்தியதால்தான் சரியாகவில்லை. எல்லாரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் எல்லாரும் ஃபோகஸில் வருவார்கள் என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன மாதிரி தெளிவு ஒரு தட்டையான தளம். மூன்று மீட்டர் தூரத்தில் 24 மி.மீ. லென்ஸ் நாலரை மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். மூன்று மீட்டர் வட்டத்தில் எல்லாரையும் வளைத்து நிறுத்தினால், ஓரத்தில் நிற்பவர் தளக் கணக்கில் 2.4 மீட்டரில் இருப்பார். எஃப்/1.4-ல் தெளிவு தொடங்குவது சுமார் 2.46 மீட்டரில். ஓரத்து ஆள் வெளியே நிற்கிறார்.

நேர் வரிசையாக நிறுத்துங்கள். கேமரா அந்த வரிசைக்கு நேராகப் பார்க்கட்டும், கொஞ்சம் கோணலாக நின்றாலும் ஒரு பக்கம் போய்விடும். மண்டப மேடையில் மணமக்களின் சோபாவுக்குப் பின்னால் ஒரு வரிசை, முன்னால் குழந்தைகள் ஒரு வரிசை என்று வந்துவிட்டால் எஃப்/1.4-ஐ மறந்துவிட்டு எஃப்/4-க்குப் போங்கள். மூன்று மீட்டரில் எஃப்/2.8 வைத்தால்கூட 2.1-லிருந்து 5.3 மீட்டர் வரை கிடைக்கும். சொந்தக்காரர்கள் முகம் மங்கிய குரூப் போட்டோவில் பின்னணி எவ்வளவு அழகாகக் கரைந்திருந்தாலும் ஆல்பத்துக்கு ஆகாது.

இன்னொன்றும் இதோடு சேரும். ஓரத்தில் நிற்பவர் குண்டாக, தலை நீண்டு தெரிவது மங்கல் அல்ல. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த வைட் லென்ஸும் ஓரங்களை இழுக்கத்தான் செய்யும். எந்த அபர்ச்சரிலும் அது போகாது. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எடுத்து, ஓரத்தை வெட்டிவிடுவதுதான் வழி. அத்தைகளை ஓரத்தில் நிறுத்தாதீர்கள் என்பது அனுபவசாலிகள் எல்லாரும் சொல்வது.

ஃபோகஸ் பெட்டி முகத்தின் மேல்தான் இருந்தது. ஆனாலும் பின்னணியைப் பிடித்துவிட்டது!

வைட் லென்ஸில் முகம் சின்னதாக விழும். பெட்டி முகத்தை விடப் பெரிதாக இருந்தால், அதற்குள் பின்னால் இருக்கும் பூ அலங்காரமும் சீரியல் செட்டும் சேர்ந்து வரும். ஆட்டோஃபோகஸ் எப்போதும் வெளிச்ச வேறுபாடு அதிகமுள்ள இடத்தைத் தேடும். மங்கலான வெளிச்சத்தில் இருக்கும் முகத்தை விட மின்னும் சரவிளக்கு அதற்குப் பிடித்தமானது.

பெட்டியைக் கேமரா அனுமதிக்கும் மிகச் சிறிய அளவுக்கு மாற்றுங்கள். கண் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போடலாம். ஆனால் முழு மண்டபமும் வரும் காட்சியில் முகம் புள்ளியாகிவிடும்போது அது கண்ணைத் தொலைத்துவிடும். அந்த நேரத்தில் சின்னப் பெட்டியே மேல். மேனுவலாக ஃபோகஸ் செய்கிறவர்கள் பீக்கிங் (ஃபோகஸில் உள்ள ஓரங்களுக்கு வண்ணம் காட்டும் வசதி) நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வைட் லென்ஸில் அது பாதித் திரையை வண்ணமடித்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்புங்கள்.

என்னிடம் டி.எஸ்.எல்.ஆர். இருக்கிறது. லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுத்தால்) ஷார்ப்பாக வருகிறது, வியூஃபைண்டரில் எடுத்தால் வருவதில்லை. ஏன்?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வியூஃபைண்டரில் எடுக்கும்போது ஃபோகஸைப் பார்ப்பது சென்சார் அல்ல. கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கும் இன்னொரு சென்சார். அந்தப் பாதையும் உண்மையான சென்சாருக்குப் போகும் பாதையும் இம்மியளவு பிசகினாலும் ஃபோகஸ் எப்போதும் முன்னாலோ பின்னாலோ விழும். எஃப்/5.6 லென்ஸில் அது தெரியவே தெரியாது. எஃப்/1.4-ல் மறைக்க முடியாது. கேமரா மெனுவில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (இந்தப் பிசகைத் திருத்தும் வசதி) இருந்தால், முக்காலியில் வைத்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் தூரத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். அந்த வசதி இல்லாத ஆரம்பநிலை மாடல் என்றால் லைவ் வியூதான் கதி.

வியூஃபைண்டரில் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்தத் திரை காட்டுவது ஏறக்குறைய எஃப்/2.8 அளவு ஆழத்தைத்தான். மங்கல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மிரர்லெஸ்ஸில் இந்தத் தொல்லையே இல்லை, ஃபோகஸ் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஒரே சென்சார்.

24 மி.மீ.-க்கு ஷட்டர் வேகம் 1/25 நொடி போதும் என்று படித்தேன். போதுமா?

கை நடுக்கத்துக்கு ஓரளவு போதும். பிக்சல் அதிகமுள்ள கேமராவில் 1/50 வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆனால் எதிரே இருப்பவர் உங்கள் லென்ஸின் குவியத் தூரத்தைக் கேட்டுவிட்டு அசைவதில்லை. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, அட்சதை தூவும் நேரத்தில் 1/500 வேண்டும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் அளவு) 3200-க்குப் போனால் போகட்டும். அதனால் வரும் இரைச்சலை (மணல் போன்ற புள்ளிகளை) மென்பொருள் பெருமளவு குறைத்துவிடும். அசைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டெபிலைசேஷனும் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) ஆள் அசைவதைத் தடுக்காது.

நடுவில் அருமை, மூலைகளில் குழைகிறது. மட்டமான லென்ஸா?

இருக்கலாம். அதற்கு முன் ஒரு சோதனை. பல லென்ஸ்களில் தெளிவுத் தளம் முழுத் தட்டையாக இருக்காது, ஓரங்களில் முன்னாலோ பின்னாலோ வளையும். மூலை மங்கியது போலத் தெரிவது, அங்கே ஃபோகஸ் வேறு தூரத்தில் விழுந்ததால் இருக்கலாம்.

புல்தரையோ சரளைக்கல் பரப்பிய தரையோ போதும். இடுப்புயரத்தில் கேமராவைப் பிடித்து, லேசாகக் கீழே சாய்த்து, மூன்று நான்கு மீட்டரில் ஃபோகஸ் செய்து முழுத் திறப்பில் எடுங்கள். பிறகு ஃபோட்டோஷாப்பில் ஃபைண்ட் எட்ஜஸ் ஃபில்டரைப் போடுங்கள். தெளிவான பகுதி கறுத்த பட்டையாகத் தெரியும். நேராக இருந்தால் தட்டை. இரு ஓரமும் உங்கள் பக்கம் வளைந்தால், ஓரத்தில் இருப்பது கொஞ்சம் முன்னால் இருந்தால்தான் தெளிவாகும். பிறை வடிவ வரிசை சரியாக வரும் அபூர்வமான லென்ஸ் அது. எதிர்ப்பக்கம் வளைந்தால் ஓரத்தில் பின்னணிதான் கூர்மையாக வரும். இது தெரிந்துவிட்டால் அந்த லென்ஸோடு குடித்தனம் நடத்தலாம்.

பட்டை ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது. உறுதிசெய்ய, தொலைவில் இருக்கும் செல்போன் டவர் ஒன்றைப் பிடியுங்கள். நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தைத் தொடாமல் அதே டவரை நான்கு மூலையிலும் வைத்து ஒவ்வொரு படம். நான்கும் ஒரே அளவு மங்கினால் சரி. ஒன்று மட்டும் கண்ணுக்கு அடிக்கிற மாதிரி மோசம் என்றால், மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் போங்கள்.

சுவரில் செய்தித்தாளை ஒட்டி எடுத்துப் பார்ப்பவர்கள், கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். தாளின் நடுவில் சின்னக் கண்ணாடி ஒன்றை ஒட்டி, அதில் லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் தெரியும்படி வைத்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

நகை, வெள்ளை வேட்டி ஓரத்தில் ஊதாவும் பச்சையும் வருகிறதே?

இரண்டு வகை உண்டு. ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை என்று படத்தின் நடுவிலும் வருவது முதல் வகை. அபர்ச்சரை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மூலைகளில் மட்டும், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என்று வருவது இரண்டாவது வகை. அது மூடினாலும் போகாது. ஆனால் மென்பொருளில் ஒரே கிளிக்கில் சரியாகிவிடும்.

முகூர்த்த நேரத்துப் படங்கள் மட்டும் எல்லாமே மந்தமாக இருக்கின்றன. ஃபோகஸ் சரிதான்.

ஹோமப் புகை. வீடியோ லைட் எதிரே இருந்தால் புகை அந்த ஒளியைப் படம் முழுக்கச் சிதறடிக்கும். விளக்கு உங்கள் பக்கத்திலோ பக்கவாட்டிலோ வரும்படி இடம் மாறினால் பாதி குறையும். மீதியை எடிட்டிங்கில் கறுப்பை இறக்கிச் சரிசெய்யலாம்.

அப்புறம், ஏசி அறையிலிருந்து சென்னை மாதிரி புழுக்கமான ஊரின் வெளிக்காற்றுக்குக் கேமராவைக் கொண்டுவந்த உடனே எடுத்தால் முன் கண்ணாடியில் ஈரம் படியும். பையிலேயே வைத்து மெல்லச் சூடேற விடுங்கள். மலிவான யூ.வி. ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சந்தனம், விரல் ரேகை எல்லாம் அதன் மேல்தான் இருக்கும்.

பால்வீதி எடுக்க முழுக்கத் திறக்கலாமா?

திறக்கலாம், ஆனால் மூலைகளைப் பாருங்கள். கோமா, அஸ்டிக்மாட்டிசம் என்ற குறைகளால் மூலை நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல், சிறகு விரித்த பறவை மாதிரி வரும். பகல் படத்தில் கண்ணில் படாத குறை இரவில் அப்பட்டமாகத் தெரியும். எஃப்/1.4 லென்ஸை எஃப்/2 அல்லது எஃப்/2.8-க்கு மூடினால் பெரும்பாலும் சீராகும். சோனி 20 மி.மீ. எஃப்/1.8 ஜி, நிக்கான் இசட் 20 மி.மீ. எஃப்/1.8 எஸ் இரண்டும் இந்த விஷயத்தில் பெயர் வாங்கியவை. கையைக் கடிக்காத விலையில் வேண்டும் என்றால் மேனுவலான சாம்யாங் 14 மி.மீ. எஃப்/2.8 உண்டு. நேர்கோடுகள் அலையடிக்கும், நட்சத்திரம் எடுக்க அது ஒரு குறையே இல்லை.

ஃபோகஸுக்கு வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்து விட்டுவிடாதீர்கள். பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும். வியாழனையோ சிரியஸையோ திரையில் முழுக்கப் பெரிதாக்கி, புள்ளி எங்கே மிகச் சிறிதாகிறதோ அங்கே நிறுத்துங்கள். புள்ளியைச் சுற்றி ஊதா ஒருபக்கத் திருப்பலிலும் பச்சை மறுபக்கத் திருப்பலிலும் வரும். நிறம் மாறும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சரியான ஃபோகஸ். டேப் ஒட்டி வளையத்தைப் பூட்டிவிடலாம். எலக்ட்ரானிக் வளையம் என்றால் கேமராவை அணைத்துப் போட்ட பிறகு மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் ஃபோகஸ் நகர்ந்துவிடும்.

ஷட்டருக்கு 500-ஐக் குவியத் தூரத்தால் வகுக்கும் பழைய விதி, 24 மி.மீ.-க்கு 20 நொடி என்கிறது. 45 மெகாபிக்சலில் அதற்குள் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். பிக்சல் அளவையும் சேர்த்துப் பார்க்கும் என்.பி.எஃப். விதிப்படி எட்டு நொடிக்குப் பக்கம்தான் வரும். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் பால்வீதியின் மையம் உச்சத்தில் 50 டிகிரி வரை ஏறும், கேமராவை நன்றாக நிமிர்த்த வேண்டியிருக்கும். கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் போகிறவர்கள் பனி படிவதையும் கணக்கில் வையுங்கள். படங்கள் போகப்போக மங்கிக்கொண்டே வந்தால் ஃபோகஸைத் தொடாதீர்கள், கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நல்ல வெயிலில் எஃப்/1.4 வைத்தால் படம் வெளுத்துவிடுகிறது.

ஐ.எஸ்.ஓ. 100-ல் உச்சி வெயிலுக்கு எஃப்/1.4-ல் சுமார் 1/12,800 நொடி வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டர் பெரும்பாலும் 1/8000, சில மாடல்களில் 1/4000 வரைதான். மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருமையான கண்ணாடி) போடுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரும் ஆகும், வேகமாக ஓடும் பொருள் மட்டும் கோணலாகும்.

அப்படியானால் எந்த அபர்ச்சர்தான் சரி?

எஃப்/1.4 வாங்கியவர் எஃப்/2-ல் அதிகம் எடுப்பது வீண் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு ஸ்டாப்பில் கிடைக்கும் கூடுதல் தெளிவு, எஃப்/2.8-லிருந்து எஃப்/4-க்குப் போகும்போது கிடைப்பதை விட அதிகம். பெரும்பாலான வைட் லென்ஸ்கள் எஃப்/4-க்கும் எஃப்/8-க்கும் நடுவில் உச்சத்தில் இருக்கும். எஃப்/16-ல் ஒளி வளைவதால் திரும்பவும் குழையும்.

ஒரு ஆள், நடுவில், இரண்டு மீட்டருக்கு அப்பால், பின்னணியை ஒதுக்க வேண்டும்: எஃப்/1.4 தாராளமாக. இரண்டு பேர் முன்பின்னாக: எஃப்/2.8. ஓரம் வரை விவரம் வேண்டிய கட்டடம், கோயில் பிராகாரம்: முக்காலிக்கு அனுமதி இருந்தால் எஃப்/8, இல்லாவிட்டால் எஃப்/4-ல் ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றுங்கள்.

எடிட்டிங்கில் ஷார்ப்னஸ் ஏற்றினால் சரியாகிவிடாதா?

லேசாகக் குழைந்ததற்கு உதவும். ஃபோகஸ் பின்னால் விழுந்ததற்கு உதவாது; அந்தத் தூண்தான் இன்னும் கூர்மையாகும். மூலைகளில் எச்சரிக்கை தேவை. எஃப்/1.4-ல் மூலைகள் இரண்டு ஸ்டாப்புக்கு மேல்கூட இருண்டிருக்கும். புரொஃபைல் கரெக்ஷன் (மென்பொருளில் உள்ள லென்ஸ் திருத்தம்) அவற்றைத் தூக்கும்போது இரைச்சலும் தூக்கப்படும். அதன் மேல் ஷார்ப்னஸ் ஏற்றினால் மணல் தூவியது போலாகிவிடும். மாஸ்க் போட்டு முகத்துக்கு மட்டும் கொடுங்கள்.